சம்பந்தி போட்ட சாட்சிக் கையெழுத்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தெரிந்தவள் இல்லை, டைப் அடிக்கத் தெரிந்தவள். தர்மபுரியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் டைப்பிஸ்டாகவும் குமாஸ்தாவாகவும் இருந்தேன். மற்றவர்கள் சொன்னதைத்தான் அடித்தேன். சொந்தமாக ஒரு வரிகூடச் சேர்த்ததில்லை. பன்னிரண்டாவதும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் என் படிப்பு. சட்டம் படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் நான் உயிலைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும்.

போன மாதம் எங்கள் குமாஸ்தாக்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். "உயில்ல ரெண்டாவது சாட்சி லேட்டா வந்தா அப்புறமா கையெழுத்து வாங்கிக்கலாமாக்கா? எங்க சார் ஊர்ல இல்ல." அரை மணி நேரத்தில் ஏழு பேர் பதில் போட்டுவிட்டார்கள். "வாங்கிக்கலாம்", "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று. ஒருவர் வெறும் கட்டைவிரல் படம் போட்டிருந்தார். நான் "கூடாது" என்று ஒரு வார்த்தை போட்டேன். "ஏன்க்கா?" என்றாள். அதற்கான பதில் போனில் அடிக்கிற நீளம் இல்லை. என்னுடைய தப்பைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்லவும் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது அலுவலகத்தில் தமிழுக்கு ஒரு டைப்ரைட்டர், ஆங்கிலத்துக்கு ஒன்று. முதல் இரண்டு வருடம் கற்றதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கார்பன் தாளை எந்தப் பக்கம் வைப்பது, வக்காலத்தில் ஸ்டாம்பு எங்கே ஒட்டுவது, வழக்குக் கட்டுக்கு நூல் கோப்பது, வழக்கு கூப்பிடும் நேரத்தில் கட்சிக்காரரை டீக்கடையிலிருந்து இழுத்து வருவது. இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். நூல் கோக்கத் தெரியாத குமாஸ்தாக்கள் வந்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நூலில் ஒன்றும் இல்லை.

எங்கள் அலுவலக வக்கீலை நாங்கள் சீனியர் என்போம், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்சிக்காரர் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாரு கேக்கச் சொன்னாங்க?" என்பார். எல்லோருக்கும் இதே கேள்விதான்.

ஒருமுறை பென்னாகரம் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். "ஆக்சிடென்ட்ல வண்டி ஓட்டுனது பையன், லைசென்ஸ் இல்லீங்க. நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிக்கலாங்களா?"

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"மச்சான் சொன்னாருங்க."

"மச்சான் எங்க?"

"கீழ நிக்கறாருங்க."

"அவரை மேல வரச் சொல்லுங்க. ஜெயிலுக்கு யாரு போறதுன்னு முதல்ல பேசி முடிவு பண்ணிக்கலாம்."

மச்சான் மேலே வரவில்லை. இருவரும் போய்விட்டார்கள்.

எனக்கு முதலில் இது கிண்டலாகத் தெரிந்தது. அப்புறம் புரிந்தது. நோட்டீசை வாங்கினால் விவாகரத்துக்கு ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமா, உயில் எழுதினால் ஆயுசு குறையுமா என்று வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் கேள்வியைக் கேட்பதில்லை. மாமன் கேட்கச் சொன்னதை, பங்காளி கேட்கச் சொன்னதைக் கேட்கிறார்கள். அந்த ஆளை விலக்கிவிட்டுச் சொந்தக் கேள்வியை எடுப்பதுதான் சீனியரின் வேலையில் பாதி.

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள் காவேரியம்மா. இண்டூர் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் தொப்பூரில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து பஸ்சுக்கு நின்றபோது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி அடித்து இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து மகன் மாதையன், மகள் செல்வி இருவரையும் கூட்டிக்கொண்டு காவேரியம்மா படியேறி வந்தார்.

"அவரு குறுக்க ஓடுனாருன்னு போலீசுல எழுதியிருக்குதுங்க. அவரு ஓடல. ரோட்டை வுட்டு எறங்கி மண்ணுல நின்னுட்டிருந்தாரு. எழுதுனது எழுதுனதுதானா, மாத்த முடியுங்களா?"

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? செத்தது என் வூட்டுக்காரரு. நான்தான் கேக்கறேன்."

சீனியர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "போலீஸ் எழுதுனது கடைசி வார்த்தை இல்லம்மா. பாத்தவங்க கோர்ட்டுல வந்து சொன்னா நீதிபதி கேப்பாரு. பாத்தது யாரு?" என்றார். கடையின் டீ மாஸ்டர் பார்த்திருந்தார். மூன்று வருடம் நடந்த அந்த வழக்கில், இறந்தவர் மண்ணில்தான் நின்றார், தப்பு லாரியுடையது என்று தீர்ப்பு வந்தது. கிடைத்ததை வைத்துக் காவேரியம்மா எட்டு சென்ட் இடத்தோடு ஓட்டு வீடு ஒன்றைத் தன் பெயரில் வாங்கினார்.

நாலைந்து வருடம் கழித்து அதே குடும்பம் மறுபடி வந்தது. செல்வியின் கல்யாணம் சரியாக அமையவில்லை. இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசி, பத்திரத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். மாதையன் அந்தப் பேப்பரை நீட்டினான். "இது போதுங்களா சார், இல்ல கோர்ட்டுக்குப் போவணுங்களா?"

சீனியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நான் அண்ணன், நான்தானே கேக்கணும்" என்றான் மாதையன். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சீனியர் செல்வியிடம் திரும்பினார். அவள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "நான் இப்ப கல்யாணம் ஆனவளா, ஆவாதவளா சார்?" என்றாள்.

"ஆனவதாம்மா. கோர்ட்டு பிரிச்சு வெக்கிற வரைக்கும் ஆனவதான். ஊர்ல தீர்க்கறது உங்க வழக்கம்னு நிரூபிக்கப் போனா அது தனிக் கேஸ். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு மனு போட்டா இதைவிடச் சுலபம்."

ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்ததால் மனுப் போட முடிந்தது. அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. தீர்ப்பு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு செல்வி அம்மாவின் ஓட்டு வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். அவளுக்கு வேறு இடம் இல்லை. மாதையனுக்கு அப்பாவின் புன்செய்க் காடும் தனி வீடும் இருந்தன.

மூன்றாவது முறை காவேரியம்மா வந்தது உயிலுக்காக. எட்டு சென்ட்டும் வீடும் செல்விக்கு. உயிலை வெறும் தாளில் எழுதலாம், பத்திரத்தாள் வேண்டியதில்லை, பதிவு செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் செல்லும் என்பதெல்லாம் இன்றைக்கு யாரும் போனில் பார்த்துவிடலாம். சீனியரின் முறை போனில் கிடைக்காது. பங்கு வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அறையில் இருக்கக் கூடாது. எழுதிக் கொடுக்கிறவரிடம் நிலத்தின் நாலு எல்லையையும் அவர் வாயாலேயே கேட்க வேண்டும். முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். எழுதிக் கொடுக்கிறவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே அறையில் உட்கார வேண்டும். அவர் கையெழுத்தோ விரல் ரேகையோ வைப்பதைச் சாட்சிகள் பார்க்க வேண்டும். சாட்சிகள் போடுவதை அவர் பார்க்க வேண்டும். எல்லாம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கக்கூட விடமாட்டார்.

அந்த உயிலை அவர் சொல்லி நான் அடித்த மறுநாள் அவருக்குச் சென்னையில் ஹைகோர்ட் வேலை. "ரெண்டு சாட்சியும் வந்தா முடிச்சிடு. ஒருத்தர் வரலைன்னா யாரும் போட வேண்டாம், நான் வந்து பாத்துக்கறேன்" என்று தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சாட்சி காவேரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவர் என் சம்பந்தி. காவேரியம்மாவுக்கு அடுத்த ஊர்க்காரர், பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைச் சொன்னதும் நான்தான். என் மகளை அவர் வீட்டில் கொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணப் பந்தியில் அவருடைய அண்ணனை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டோம் என்று ஒரு மனத்தாங்கலும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன சம்பந்தி மூன்று மணிவரை வரவில்லை. காவேரியம்மாவுக்கு இடுப்பு வலி. நாற்காலி வேண்டாம் என்று தரையில்தான் உட்கார்ந்திருந்தார். இண்டூர் பஸ்சை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கையெழுத்துத் தெரியாத காவேரியம்மாவிடம் நான் ரேகை வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அவர்கள் பஸ்சுக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்துச் சம்பந்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"சொசைட்டியில ஒரு பஞ்சாயத்து. எங்க போடணும் சம்பந்தியம்மா?"

"அவங்க கெளம்பிட்டாங்களே சம்பந்தி."

"கெளம்பட்டும். கையெழுத்து போடறது நான்தானே, அவங்களா?"

பேனாவைத் திறந்துவிட்டார். இன்றைக்குக் கூடாது, இன்னொரு நாள் வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தியைத் திருப்பி அனுப்பினாள் என்று அந்த வீட்டில் என் மகள் காதில் விழுமே என்று தோன்றியது. "சரிங்க" என்றேன். அவர் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு புள்ளி வைத்தார். உயிலை உறையில் போட்டு மறுநாள் செல்வியிடம் கொடுத்தேன். சீனியர் வந்து, "முடிஞ்சுதா?" என்றார். அதற்கும் "சரிங்க" என்றுதான் சொன்னேன்.

ஏழு மாதம் போனது. அப்போது எங்கள் அலுவலகத்தில் வேறு ஒரு உயில் வழக்கு தோற்றது. எங்கோ பத்திர எழுத்தர் எழுதிய உயில். சாட்சி கூண்டில் ஏறி, "டீக்கடையில வெச்சு என்கிட்ட வாங்குனாங்க, எழுதிக் குடுத்தவரை நான் பாக்கல" என்று சொல்லிவிட்டார். இறந்தவர் வெள்ளை மனதோடு எழுதியதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் உயில் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த வீட்டில் இருந்த பெண் சாமான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பின் நகலை நான் படித்தேன். படிக்கும்போது செல்வியின் முகம்தான் தெரிந்தது. அப்போதும் சீனியரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பத்துப் பதினைந்து நாளைக் கடத்தினேன்.

ஒருநாள் காலை செல்வி போன் செய்தாள். "அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடைஞ்சிடுச்சுக்கா. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கறோம். நாளைக்கு ஆபரேஷன். சர்க்கரையும் இருக்குது, எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க."

போனை வைத்துவிட்டு எழுந்து சீனியர் அறைக்குள் போனேன். அவர் சேலத்தில் ஒரு சாட்சி விசாரணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கதவுப் பக்கத்தில் நின்றபடி முழுவதையும் சொன்னேன். பஸ், வாழைப்பழம், இரண்டு புள்ளி எல்லாம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமாக ஏதாவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

"யாரு சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க சார். நான்தான் சொல்றேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கே போய்ப் புதுசா எழுதி வாங்கு. நான் வர்றதுக்கு ராத்திரி ஆயிடும், காத்திருக்காதே. டாக்டரை ஒரு சாட்சியா வெச்சுக்க. பழைய உயிலைக் கிழிக்காதே. அதை ரத்து பண்றதா புது உயில்லயே எழுது. கேட்டா ரெண்டையும் காட்டணும்."

"என்னால முடியுங்களா சார்?"

"முடியாதுன்னா அந்தப் பொண்ணுக்கு வூடு இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் கார் ஏறினார்.

பழைய உயிலில் குறை இருப்பதைச் செல்வியின் போனில் காவேரியம்மாவிடமே சொல்லிச் சம்மதம் கேட்டுக்கொண்டு, புது உயிலை அடித்துக்கொண்டு பஸ் பிடித்துச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். முதல் உயிலின் பக்கத்து வீட்டுச் சாட்சி அப்போது குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த, கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் சம்பந்திதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என் மகள் காபி போட உள்ளே போன நேரம் பார்த்துச் சொன்னேன்.

"என் கையெழுத்து செல்லாதா?" என்றார். "பேங்க்குல செல்லுது. சொசைட்டியில இருபது வருசம் செல்லுச்சு. உங்க ஆபீசுல மட்டும் செல்லாதா?"

"அந்தம்மா வெச்சதை நீங்க பாக்கலீங்களே சம்பந்தி. நீங்க போட்டதையும் அவங்க பாக்கல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். கூச்சப்பட்டுட்டேன், தப்பு என் பேர்லதான்."

"விடுங்க சம்பந்தியம்மா. நாளைக்கு யாராச்சும் கேட்டா, பாத்தேன்னு சொல்லிட்டுப் போறேன். ஒரு வார்த்தைதானே?"

அதை ஏற்றுக்கொள்ள ஒரு நிமிடம் ஆசை வந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் சொல்வார். ஊரே அவரை நம்பும். ஆனால் நான் கோர்ட் வராந்தாவில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவள்.

"சரி, நான் எதிர்க்கட்சி வக்கீல். கேக்கறேன், சொல்லுங்க. அன்னைக்குக் காவேரியம்மா எங்க உக்காந்திருந்தாங்க?"

"உங்க ஆபீசுல."

"ஆபீசுல எங்க?"

"நாற்காலியில. வேற எங்க?"

"தரையில சம்பந்தி. இடுப்பு வலி, நாற்காலியே வேண்டாம்னுட்டாங்க. இப்படி இருபது கேள்வி வரும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். பந்தி விஷயத்தில் வந்த கோபத்தைவிடப் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். "சட்டைய மாத்திட்டு வர்றேன். வண்டியில பின்னால உக்காந்துக்குவீங்களா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். செல்வி ஒரு பக்கம், மாதையன் ஒரு பக்கம் நின்றிருந்தார்கள். செல்வி அம்மா வீட்டிலேயே தங்கியது பிடிக்காமல் மாதையன் அவளோடு பேச்சை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. என் கையில் இருந்த உறையைப் பார்த்தான்.

"என்ன பேப்பருங்க்கா அது?"

அத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் "சார் சொல்வாங்க" என்றே தப்பித்திருக்கிறேன். அன்றைக்குச் சார் சேலத்தில் இருந்தார்.

"உங்கம்மா கேட்ட பேப்பர். என்னன்னு அவங்களையே கேளுங்க தம்பி."

காவேரியம்மா படுத்தபடியே சொன்னார். "வூட்டைச் செல்விக்கு எழுதறேன்டா. உனக்கு உங்கப்பன் காடு இருக்குது. அவளுக்கு என்னா இருக்குது?"

"ஆபரேஷனுக்குப் போற நேரத்துல இது என்னாத்துக்கும்மா? நானும் இங்கயே இருக்கறேன், என் முன்னாலயே எழுதட்டும்."

"நீங்க இருந்தா நான் எழுத மாட்டேன் தம்பி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. "நீங்க மட்டும் இல்ல. செல்வியும் இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் வெளிய போகணும்."

"அவளுமா?"

"அவளும்தான். முதல்ல அவதான்."

செல்விக்கே அது அதிர்ச்சி. ஆனால் அவளும் வெளியே போகிறாள் என்றதும் மாதையனும் கதவைப் பார்த்து நடந்தான். வராந்தாவில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதன் இரண்டு முனையில் இருவரும் உட்கார்ந்திருப்பது கதவு வழியாகத் தெரிந்தது.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். சாட்சி என்றதும் தயங்கினார். "கோர்ட்டுல இருந்து சம்மன் வருமா?"

"வரலாங்க சார். வந்தா வரணுங்க."

இல்லை, வராது என்று சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அவர் யோசித்துவிட்டுக் கட்டில் அருகே வந்தார். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "பாட்டி, இது எந்த ஊரு?" என்றார்.

"ஊரு பேரு தெரியாமத்தான் இங்க வேல பாக்கறயா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில்காரியின் அக்கா, "நானும் வேணா சாட்சி போடறேன்" என்று வந்தாள். வேண்டாம் என்று சொல்லி மறைப்புத் திரையை இழுத்துவிட்டேன். வார்டில் அதுதான் எங்கள் அறை.

நாலு எல்லையையும் கேட்டேன். கிழக்கே யார் காடு, தெற்கே வண்டிப்பாதை, வடக்கே யார் வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மேற்கே வந்ததும், "ஒரு வேப்பமரம் இருக்குது, அதை எழுதுனியா?" என்றார்.

"இடத்தோட மரமும் சேந்துதாங்க வரும்."

"அது நான் வெச்சது. தனியா எழுது."

"அதெல்லாம் வேண்டியதில்ல ஆத்தா, சட்டப்படி சேந்தேதான் வரும்" என்று சம்பந்தி எடுத்துச் சொன்னார். "நீ மரம் வெச்சிருக்கறயா? வெச்சவளுக்குத்தான் தெரியும்" என்றார் காவேரியம்மா. கையால் எழுதிச் சேர்த்து, முழுவதையும் படித்துக் காட்டினேன்.

ரேகை வாங்கப் போனபோது இன்னொரு சிக்கல். இடது பெருவிரல் என்று அடித்திருந்தேன். இடது கையில் குளுக்கோஸ் ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "இடது" என்பதை அடித்து "வலது" என்று எழுதி, அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் ஒரு ரேகை வாங்கினேன். சம்பந்தி போட்டார். டாக்டர் போட்டார். காவேரியம்மா தலையைத் திருப்பி இரண்டையும் பார்த்தார். எழுதியவர் என்ற இடத்தில் நான் போட்டேன். அதுவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காவேரியம்மா கம்பு ஊன்றி நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். அவர் போன பிறகு மாதையன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கிய ரேகை நிற்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தால் சீனியர் அது யார் என்று கேட்டிருப்பார்.

டாக்டர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று தெரியவில்லை. உயிலில் இரண்டு பேர் போட வேண்டும், கோர்ட்டில் வந்து சொல்ல அவர்களில் ஒருவர் போதும். சம்பந்தி கூண்டில் ஏறினார். நான் கடைசி வரிசையில், கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். இரண்டாவது உயிலில் முதல் உயிலைப் பற்றி இருந்ததால் அதையும் கேட்டு வாங்கியிருந்தார். முதலில் அதைத்தான் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? இதுல அந்தம்மா ரேகை வெச்சதை நீங்க பாத்தீங்களா?"

நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த முகங்கள்தான் நிறைய.

"பாக்கலீங்க. நான் போறதுக்குள்ள அவங்க பஸ்சுக்குப் போயிட்டாங்க. டைப்பிஸ்ட்டம்மா என் சம்பந்தி. என்கிட்டக் கூச்சப்பட்டுக்கிட்டு வேண்டாம்னு சொல்லல. நானும் பெரிய மனுசனாட்டம் போட்டுட்டேன். அது தப்புன்னு அப்புறம் அவங்களே என் வூட்டுக்கு வந்து சொன்னாங்க. அதனாலதான் ரெண்டாவது எழுதுனது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. குனியக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

"ரெண்டாவதைப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"எந்தக் கையில ரேகை வெச்சாங்க?"

"வலது கையிலங்க. இடது கையில ஊசி குத்தியிருந்துச்சு. அதுக்கு முன்னால ஒரு வேப்பமரத்தைத் தனியா எழுதச் சொல்லி என்கூடச் சண்டை போட்டாங்க."

வக்கீல் உயிலைத் திருப்பிப் பார்த்தார். வேறு ஒன்றிரண்டு கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. முதல் உயிலின் குறையை மறைக்காமல் சொன்ன சாட்சி, இரண்டாவதைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். செல்வி அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

தங்கை, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். சாட்சி தாமதமாக வந்தால், எழுதிக் கொடுக்கிறவரையும் மறுநாள் வரச் சொல். வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உனக்கு உறவாக இருந்தாலும், பேனாவைத் திறந்துவிட்டாலும், மூடச் சொல். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை நான் அலுவலகம் திறக்கப் போனபோது, சம்பந்தி தன் உயிலை எழுத இரண்டு சாட்சிகளோடு படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் என் மருமகன் என்பதால் நான் சாவியை ஜூனியர் வக்கீலிடம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.